மருத்துவம்: ஏ.எல். முடித்த கையோடா, ஒரு பட்டம் எடுத்த பிறகா? கொழும்புப் பிள்ளைகளும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஏ.எல். என்னும் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் கிழமையில் என் தொலைபேசிக்கு ஓய்வே இருக்காது. வெள்ளவத்தையில் பத்தொன்பது வருடமாக உயர்தர உயிரியல் படிப்பிக்கிறேன். முன்பெல்லாம் ஒரே கேள்விதான் வரும்: "மெடிசின் கிடைக்குமா ரீச்சர்?" இப்போது இன்னொன்றும் சேர்ந்துவிட்டது: "கிடைக்காவிட்டால் ஒரு டிகிரியை முடித்துவிட்டு வெளிநாட்டில் மெடிசினுக்குப் போகலாமாமே, உண்மையா?" உண்மைதான். ஆனால் "உண்மைதான்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட எனக்கு மனம் வருவதில்லை. ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே ஒன்றாக எழுதுகிறேன்.

இந்த இரண்டு வழிகளும் என்ன?

ஒன்று நேரடி வழி. பள்ளிக்கூடம் முடித்து, உயர்தரப் பெறுபேற்றோடு மருத்துவ பீடத்துக்குள் போவது. படிப்பு ஐந்து அல்லது ஆறு ஆண்டு. நம் நாட்டு எம்.பி.பி.எஸ். இந்த வகைதான்.

மற்றது பட்டதாரி வழி. முதலில் ஏதாவது ஒரு துறையில் இளமாணிப் பட்டம், அதன் பிறகு ஒரு நுழைவுப் பரீட்சை, நேர்முகத் தேர்வு, அப்புறம் பெரும்பாலும் நான்கு ஆண்டு மருத்துவப் படிப்பு. படித்து முடிக்கிறவர் இரண்டு வழியிலும் டொக்டர்தான். பட்டத்தின் பெயர் சில நாடுகளில் எம்.டி. என்று இருக்கும். நம் ஊரில் எம்.டி. என்றால் விசேட வைத்திய நிபுணராவதற்கான பட்டப்பின் படிப்பு. பெயர் ஒன்றாக இருப்பதால் பெற்றோர் பலர் இங்கே குழம்புகிறார்கள். பட்டதாரி வழியில் கிடைக்கும் எம்.டி., அந்த நாடுகளில் டொக்டராவதற்கான அடிப்படைப் பட்டம்.

இலங்கையில் பட்டதாரி வழி இருக்கிறதா?

இல்லை. நான் முதலில் சொல்ல விரும்புவதும் இதைத்தான். கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம், றுகுணு, களனி, ஸ்ரீ ஜயவர்தனபுர, ரஜரட்ட, கிழக்கு என்று எந்த அரச மருத்துவ பீடத்தை எடுத்தாலும், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு உயர்தர இசட் புள்ளியை (பாடங்களின் கடினத்தைச் சமப்படுத்திக் கணக்கிடும் புள்ளி) வைத்துத்தான் பிள்ளைகளைத் தெரிவு செய்கிறது. விஞ்ஞானப் பட்டத்தில் முதல் வகுப்பு எடுத்தாலும் அதைக் காட்டி கின்சி வீதியில் இருக்கும் கொழும்பு மருத்துவ பீடத்துக்குள் போக முடியாது.

காசு கட்டிப் படிக்கும் கதையும் நம் நாட்டில் சுமுகமாக நடந்ததில்லை. 1980களில் றாகமையில் இருந்த வட கொழும்பு மருத்துவக் கல்லூரி கடும் எதிர்ப்புக்குப் பிறகு அரசின் கைக்கு வந்தது. இன்றைய களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் அந்த இடத்தில்தான் எழுந்தது. மாலபேயில் இயங்கிய சைட்டம் என்ற தனியார் மருத்துவக் கல்லூரி 2018இல் முடிவுக்கு வந்தபோது அங்கே படித்த பிள்ளைகளைக் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தின் பக்கம் மாற்றினார்கள். நடுவில் எத்தனை மாதம் அந்தப் பிள்ளைகள் வகுப்பில்லாமல் வீட்டில் இருந்தார்கள் என்பதை அந்த நாட்களில் கொழும்பில் இருந்த எல்லோரும் பார்த்தோம்.

ஆகவே கொழும்பில் இருக்கும் பிள்ளைக்கு இந்தத் தெரிவு சமமான இரண்டு கதவுகளுக்கு நடுவே வருவதில்லை. நேரடி வழி உள்ளூரிலும் உண்டு, வெளியூரிலும் உண்டு. பட்டதாரி வழி என்றால் கட்டாயம் நாடு கடக்க வேண்டும். காசு, விசா, திரும்பி வந்தால் என்ன நடக்கும் என்ற எல்லாக் கேள்விகளும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

கொழும்பு மாவட்டத்தில் மெடிசின் ஏன் இவ்வளவு கஷ்டம்?

மொத்த இடங்களில் 40 வீதம் நாடளாவிய திறமை அடிப்படையில் போகிறது. 55 வீதம் மாவட்டங்களுக்கு அவற்றின் சனத்தொகைப்படி பிரிகிறது. மீதி 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கொழும்பில் நல்ல பள்ளிக்கூடங்களும் ரியூசனும் குவிந்து கிடப்பதால் வெட்டுப்புள்ளி எப்போதும் மேலேயே நிற்கிறது. புள்ளியை நான்கு தசம இடங்களுக்கு வெளியிடுகிறார்கள். மூன்றாவது, நான்காவது தசமத்தில் வெளியே நின்ற பிள்ளைகளை எனக்கு நேரே தெரியும். கொட்டாஞ்சேனையில் ஒரு மகனுக்கு வந்த புள்ளி இன்னொரு மாவட்டத்தில் தாராளமாகப் போதும் என்று கேள்விப்பட்டபோது அவனுடைய அம்மாவுக்குப் பதில் சொல்ல என்னிடம் வார்த்தை இருக்கவில்லை.

இதற்காக உயர்தரத்துக்கு மட்டும் வேறு மாவட்டப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகள் பிள்ளை எங்கே படித்தது என்பதை ஆணைக்குழு பார்க்கிறது. கடைசி நேரத்து மாற்றம் பயன் தராது. பிள்ளையின் நிம்மதியும் போகும்.

முதல் தரம் தவறிவிட்டது. மூன்றாம் தரம் வரை எழுதுவதா, வேறு வழி பார்ப்பதா?

உயர்தரம் மூன்று தரம் எழுதலாம். நானும் மூன்று தரம் எழுதியவள். முதல் தரம் நெருங்கி வந்தேன், இரண்டாம் தரம் இன்னும் நெருங்கினேன், மூன்றாம் தரம் கீழே போய்விட்டேன். மூன்றாம் தரம் எழுதியபோது எனக்குப் பாடம் தெரியாமல் போகவில்லை. களைத்துப் போயிருந்தேன். அதை அன்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அதனால் நான் பிள்ளையிடம் இரண்டு விஷயம் பார்ப்பேன். முதலாவது, வெட்டுப்புள்ளிக்கு எவ்வளவு தூரம். ஒரு பாடத்தில் மட்டும் பெறுபேறு உயர்ந்தால் எட்டிவிடும் என்றால் இரண்டாம் தரம் எழுதுவதில் நியாயம் இருக்கிறது. மூன்று பாடமும் சேர்ந்து உயர வேண்டும் என்றால் நிலைமை வேறு. இரண்டாவது, தவறியது ஏன். பௌதிகவியலில் கட்டுரை வினாக்களுக்கு நேரம் போதாமல் போனது மாதிரி ஒரு காரணத்தைக் கைவைத்துக் காட்ட முடிந்தால் அதைத் திருத்தலாம். "எல்லாம் படிச்சேன் ரீச்சர், வரேல்லை" என்று மட்டும் சொன்னால் இன்னொரு வருடம் அதே மாதிரிப் படிப்பது அதே இடத்தில்தான் கொண்டுபோய் விடும்.

மூன்றாம் தரத்துக்குக் காத்திருக்கும் அந்த ஒரு வருடமும், பெறுபேறும் அனுமதியும் வரும்வரை இழுபடும் மாதங்களும் சேர்ந்தால், பட்டதாரி வழி நீளமானது என்ற பேச்சு அவ்வளவாக நிற்காது. கீழே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

இன்னொரு சின்ன விஷயம். வேறு கற்கைநெறிக்குத் தெரிவாகிப் பதிவு செய்துவிட்டு, அடுத்த முறை பெறுபேற்றோடு மெடிசினுக்கு மாறிக்கொள்ளலாம் என்று நினைத்துக் கையெழுத்து வைக்காதீர்கள். ஆணைக்குழுவின் கைநூலில் ஏற்கெனவே பதிந்த மாணவர் பற்றிய பகுதியை ஒவ்வொரு வரியாக வாசித்த பிறகு முடிவு எடுங்கள்.

எந்த நாடுகளில் எந்த வழி?

அவுஸ்திரேலியாவில் இரண்டும் உண்டு. மெல்பேர்ன் பல்கலைக்கழகம் 2011இல் பட்டதாரி வழிக்கு முழுவதுமாக மாறியது. சிட்னியும் குயின்ஸ்லாந்தும் அந்தப் பக்கம்தான். குயின்ஸ்லாந்தில் பள்ளி முடிக்கும்போதே பட்டத்துக்குப் பிறகான மருத்துவ இடத்தை நிபந்தனையோடு ஒதுக்கித் தரும் ஏற்பாடும் இருக்கிறது. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம் பள்ளி முடித்தவர்களை ஆறு ஆண்டுப் படிப்புக்கு எடுக்கிறது. மொனாஷில் நேரடி வழி ஐந்து ஆண்டு.

இங்கிலாந்தில் பெரும்பாலான பீடங்கள் பள்ளி முடித்தவர்களை ஐந்து அல்லது ஆறு ஆண்டுக்கு எடுக்கின்றன. சிலவற்றில் நான்கு ஆண்டுப் பட்டதாரி வகுப்பு தனியாக உண்டு. வார்விக் பல்கலைக்கழகத்தில் பட்டதாரிகள் மட்டும்தான். ஆனால் நான்கு ஆண்டு வகுப்புகள் சில வெளிநாட்டு மாணவருக்குத் திறந்தே இல்லை. விண்ணப்பத்தில் கைவைக்கும் முன் அதைப் பாருங்கள். அயர்லாந்திலும் இரண்டு வழியும் உண்டு. லிமெரிக் பல்கலைக்கழகம் பட்டதாரிகளை மட்டும் எடுக்கிறது.

அமெரிக்காவில் நான்கு ஆண்டுப் பட்டம், அதன் பிறகு நான்கு ஆண்டு மருத்துவம் என்பதே வழமை. வெளிநாட்டு மாணவரை எடுக்கும் பீடங்கள் அங்கே குறைவு. கனடாவில் இன்னும் குறைவு. உறவுக்காரர் டொரொன்டோவில் இருக்கிறார்கள் என்பதற்காக அங்கே மெடிசின் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். நிரந்தர வதிவுரிமை உள்ள பிள்ளைக்கும் மாணவ விசாவில் போகும் பிள்ளைக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருக்கிறது. சிங்கப்பூரில் டியூக்-என்.யு.எஸ். மருத்துவக் கல்லூரி பட்டதாரிகளுக்கானது.

இந்தியா, பங்களாதேஷ், நேபாளம், சீனா, ரஷ்யா எல்லாம் நேரடி வழி. இந்தியாவில் எம்.பி.பி.எஸ். நாலரை ஆண்டும் ஓர் ஆண்டு உள்ளகப் பயிற்சியும். வெளிநாட்டுப் பிள்ளைகளும் நீட் நுழைவுப் பரீட்சை எழுத வேண்டும்.

நுழைவுப் பரீட்சைகள் எப்படி இருக்கும்?

நம் பிள்ளைகள் மிகவும் தடுமாறும் இடம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நேரடி வழிக்கு இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவின் பல பீடங்களிலும் யூகேட் என்ற பரீட்சையைக் கேட்கிறார்கள். அதில் உயிரியலோ இரசாயனவியலோ இல்லை. ஆங்கிலத்தில் ஒரு பந்தியை வேகமாக வாசித்து விளங்கிக்கொள்வது, தர்க்கமாக முடிவெடுப்பது, எண்களோடு வேலை செய்வது, ஒரு மருத்துவச் சூழ்நிலையில் எப்படி நடந்துகொள்வது, இவ்வளவுதான். உருவங்களில் ஒழுங்கு கண்டுபிடிக்கும் பகுதியை 2025இல் எடுத்துவிட்டார்கள். பழைய பயிற்சிப் புத்தகம் வாங்கினால் அந்தப் பகுதியில் நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒரு விண்ணப்பச் சுற்றில் ஒரு தரம்தான் எழுதலாம். இங்கிலாந்தில் சில பீடங்கள் முன்பு கேட்ட பீமேட் பரீட்சை 2023உடன் நின்றுவிட்டது.

பட்டதாரி வழிக்கு அவுஸ்திரேலியாவிலும் அயர்லாந்திலும் இங்கிலாந்தின் சில பீடங்களிலும் காம்சாட், அமெரிக்காவில் எம்கேட். வெளிநாட்டு மாணவரிடம் இரண்டில் ஒன்று போதும் என்று சொல்லும் பீடங்களும் உண்டு. காம்சாட்டில் மூன்று பகுதி. முதற்பகுதி கவிதை, கதை, கட்டுரை, கேலிச்சித்திரம் என்று எதையாவது தந்து அதன் உட்பொருளைக் கேட்கும். இரண்டாம் பகுதியில் கட்டுரை எழுத வேண்டும். மூன்றாவதுதான் விஞ்ஞானம்: உயிரியல் 40 வீதம், இரசாயனவியல் 40 வீதம், பௌதிகவியல் 20 வீதம். நம் உயர்தர பயோ பிள்ளைக்கு மூன்றாம் பகுதியின் அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. பௌதிகவியலில் நம் பாடத்திட்டம் நன்றாகவே கைகொடுக்கும். விழுவது முதல் இரண்டு பகுதியில்.

ஏன் என்று எனக்குத் தெரியும். பதினாறு வயதிலிருந்து நாம் அந்தப் பிள்ளையைக் கதைப் புத்தகத்திலிருந்து பிரித்துக் கடந்தகால வினாத்தாளோடு கட்டிவைத்தோம். அதில் எனக்கும் பங்கு உண்டு. வகுப்பில் நாவல் வைத்திருந்த ஒரு மாணவியிடம் "பரீட்சை முடியட்டும், பிறகு வாசி" என்று சொல்லியிருக்கிறேன். இப்போது யாரிடமும் அப்படிச் சொல்வதில்லை.

நேர்முகத் தேர்வு?

இலங்கையில் ஆணைக்குழு வழியாக மருத்துவத்துக்குப் போக நேர்முகம் கிடையாது. பிள்ளை ஏன் டொக்டராக விரும்புகிறது என்று தெரிவு முடியும்வரை யாருமே கேட்பதில்லை. வெளிநாட்டில் பெரும்பாலும் கேட்பார்கள். பல பீடங்களில் சின்னச் சின்ன அறைகளாக ஒன்றன்பின் ஒன்றாகப் போய், ஒவ்வொன்றிலும் சில நிமிடம் ஒரு சூழ்நிலையைப் பற்றிப் பேச வேண்டும். மனப்பாடம் செய்த பதில் அங்கே உடனே தெரிந்துவிடும். வயோதிபர் இல்லத்திலோ, ஒரு வார்ட்டிலோ, வீட்டில் படுக்கையில் இருக்கும் அம்மம்மாவுக்கோ உண்மையாக உதவிய பிள்ளைக்குப் பேசுவதற்கு ஏதாவது இருக்கும்.

எவ்வளவு காலம் எடுக்கும்?

உள்ளூர் நேரடி வழி: பத்தொன்பது வயதில் உயர்தரம். பெறுபேறு, வெட்டுப்புள்ளி, அனுமதி என்று வகுப்புத் தொடங்க ஒரு வருடத்துக்கு மேல் போகலாம். ஐந்து ஆண்டுப் படிப்பு. இறுதிப் பரீட்சைக்குப் பிறகு உள்ளகப் பயிற்சி நியமனத்துக்குக் காத்திருப்பு. அப்புறம் ஓர் ஆண்டு பயிற்சி. டொக்டராக முழுப் பதிவு கிடைக்கும்போது இருபத்தேழு, இருபத்தெட்டு ஆகிவிடும். இரண்டாம், மூன்றாம் தரத்தில் உள்ளே போனால் ஒன்றிரண்டைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பட்டதாரி வழி: உயர்தரத்துக்குப் பிறகு அதே காத்திருப்பு, மூன்று அல்லது நான்கு ஆண்டுப் பட்டம், பரீட்சைக்கும் விண்ணப்பத்துக்கும் ஏறத்தாழ ஒரு வருடம், நான்கு ஆண்டு மருத்துவம், ஓர் ஆண்டு பயிற்சி. இருபத்தொன்பது, முப்பது.

முதல் தரத்திலேயே உள்ளே போன பிள்ளையோடு ஒப்பிட்டால் இரண்டு, மூன்று வருட வித்தியாசம். மூன்றாம் தரத்தில் போன பிள்ளையோடு ஒப்பிட்டால் ஒரு வருடம்கூட இல்லாமல் போகலாம். அதன் பிறகு நிபுணராக வேண்டும் என்றால் பட்டப்பின் பயிற்சிக்கு இன்னும் பல ஆண்டுகள், எந்த வழியில் வந்தவருக்கும்.

பெண் பிள்ளை. முப்பது வயது வரை படித்துக்கொண்டே இருந்தால் கலியாணம்?

இதைக் கேட்கும் அம்மாமாரை நான் குறை சொல்வதில்லை. அவர்களுடைய பயம் உண்மையானது. ஆனால் படிப்பு முடியும்வரை வாழ்க்கை நின்றுவிடும் என்று வைத்துக்கொள்ளத் தேவையில்லை. பட்டதாரி வழி வகுப்புகளில் கலியாணம் முடித்தவர்களும் பிள்ளைகள் உள்ளவர்களும் படிக்கிறார்கள். இந்தக் கேள்வியை மகனுக்கு ஏன் யாரும் கேட்பதில்லை என்று மட்டும் ஒரு தரம் யோசித்துப் பாருங்கள்.

செலவு?

அரச பல்கலைக்கழகத்தில் கல்விக் கட்டணம் இல்லை. அதற்கு நிகராக வேறு எதையும் வைக்க முடியாது. உள்ளூரில் இடம் கிடைத்த பிள்ளையை, பீடம் தூரம் என்ற காரணத்துக்காக, கடன் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பாதீர்கள். மட்டக்களப்போ அனுராதபுரமோ கொழும்பிலிருந்து ஒரு இரவுப் பயணம்தான்.

வெளிநாட்டில் காசு கணக்குப் போடும்போது இன்றைய நாணய மாற்று விகிதத்தை வைத்து ஐந்து வருடத்துக்குப் பெருக்காதீர்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது. மே மாதம் 360 அளவுக்குப் போய்விட்டது. அந்த ஆண்டு இரண்டாம் வருடத்தில் இருந்த என் மாணவன் ஒருவனின் அப்பா பம்பலப்பிட்டியில் இருந்த கடையை விற்றார். மகன் படித்து முடித்தான். அந்தக் கடை பிறகு வரவில்லை.

பட்டதாரி வழிக்கு இந்த இடத்தில் ஒரு பலம் உண்டு. முதற்பட்டத்தை உள்ளூரில் கட்டணமில்லாமல் முடித்து, ஒன்றிரண்டு வருடம் வேலை செய்து, பிறகு நான்கு வருடத்துக்கு மட்டும் வெளிநாட்டுக் கட்டணம் கட்டலாம். பலவீனமும் உண்டு. வெளிநாட்டு மாணவருக்கான கட்டணம் பட்டதாரி மருத்துவத்தில் மிக அதிகம். அரசு தரும் படிப்புக் கடனும் அந்நாட்டவருக்குத்தான்.

முதற்பட்டம் எதில் செய்வது?

என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்கலாம் என்று யாராவது வந்தால் இதைக் கேளுங்கள் என்பேன்.

என் பதில்: மருத்துவம் கடைசிவரை கிடைக்காது என்று வைத்துக்கொண்டு, அப்போதும் நீங்கள் சந்தோஷமாக வேலை செய்யக்கூடிய பட்டத்தை எடுங்கள். பட்டதாரி வழியில் இடம் நிச்சயம் இல்லை. பரீட்சை நன்றாகச் செய்தும் நேர்முகத்தில் நின்றவர்கள், இடம் கிடைத்தும் காசு புரளாதவர்கள், இடைநடுவில் மனம் மாறியவர்கள் என்று எல்லோரையும் கண்டிருக்கிறேன். மெடிசினுக்கு ஏறும் படி என்று மட்டும் நினைத்து மனமில்லாமல் ஒரு பட்டம் செய்த பிள்ளை, கதவு திறக்காதபோது இரண்டு தரம் தோற்றதாக நினைக்கிறது.

உயிரியல் பிரிவில் தெரிவுகள் இருக்கின்றன. கொழும்புப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் உயிரியல் விஞ்ஞானம், உயிர் இரசாயனவியல், மூலக்கூற்று உயிரியல் போன்றவை. இணை மருத்துவப் பக்கம் தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், இயன்மருத்துவம், கதிர்ப்படவியல். பேராதனையில் பல் மருத்துவமும் கால்நடை மருத்துவமும். யாழ்ப்பாணத்தில் சித்த மருத்துவம். திறந்த பல்கலைக்கழகத்தில் வேலை செய்துகொண்டே படிக்கலாம். இயன்மருத்துவம் படித்த என் மாணவி ஒருத்தி இப்போது பக்கவாத நோயாளிகளை நடக்க வைக்கிறாள். முதல் வருடம் "ரீச்சர், ரெண்டு வருஷத்தில் காம்சாட் எழுதுவேன்" என்று சொன்னவள். பிறகு அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. போன மாதம் தானாகவே சொன்னாள், எழுதும் எண்ணம் போய்விட்டதாம், இந்த வேலை தனக்குப் பிடித்துவிட்டதாம்.

பட்டதாரி வழிக்கு மனம் உறுதியாக இருந்தால் இரண்டு விஷயம். முதல் ஆண்டிலிருந்தே புள்ளிச் சராசரி கணக்கில் வரும். மெடிசின் கிடைக்காத துக்கத்தில் முதல் ஆண்டைப் பாழாக்கியவர்கள் கடைசி ஆண்டில் அதை மீட்கப் படாத பாடு படுகிறார்கள். அடுத்தது, மூன்று ஆண்டுப் பொதுப் பட்டமா, நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டமா என்ற தெரிவு வரும்போது, நீங்கள் விண்ணப்பிக்க நினைக்கும் பீடங்கள் எதை ஏற்கின்றன என்று அவற்றிடமே கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். எந்த நாட்டுப் பட்டத்தை ஏற்கிறார்கள் என்பதும் பீடத்துக்குப் பீடம் மாறும்.

விஞ்ஞானம் அல்லாத பட்டதாரியையும் சில பீடங்கள் எடுக்கின்றன. வார்விக் எந்தத் துறைப் பட்டத்தையும் ஏற்கிறது. தமிழோ பொருளியலோ படித்துவிட்டு மருத்துவத்துக்குப் போவது நம் காதுக்குப் புதிதாக இருக்கலாம், அங்கே அது நடக்கிறது.

வெளிநாட்டில் படித்துவிட்டு இலங்கைக்குத் திரும்பினால்?

இலங்கை மருத்துவ சபை ஏற்றுக்கொண்ட மருத்துவ பீடத்தில் படித்திருக்க வேண்டும். அதன் பிறகு, இங்கே டொக்டராகப் பதிவதற்கான ஈ.ஆர்.பி.எம். பரீட்சையில் சித்தியடைய வேண்டும். அப்புறம் இங்கே உள்ளகப் பயிற்சி. பள்ளிக்கூடத் தகுதியையும் சபை பார்க்கிறது. உயர்தரத்தில் அல்லது அதற்குச் சமமான பரீட்சையில் உரிய விஞ்ஞானப் பாடங்களில் குறைந்தபட்சப் பெறுபேறு இருக்க வேண்டும். ஆகவே உயர்தரத்தில் சித்தியடையாத பிள்ளையை "அங்கே எடுப்பார்கள்" என்று யாராவது அழைத்துக்கொண்டு போனால், அங்கே எடுக்கலாம், இங்கே பதிய முடியாமல் போகும்.

என் வகுப்பில் இருந்த ஒரு பிள்ளையின் பெற்றோர் ஒரு முகவரை நம்பி முற்பணம் கட்டினார்கள். பட்டியலில் பெயர் இருக்கிறது என்று முகவர் சொன்னார். இருந்தது அதே ஊரில் உள்ள வேறொரு பல்கலைக்கழகம். பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம். நான் அந்தக் கடிதத்தை அவர்கள் காசு கட்டிய பிறகுதான் பார்த்தேன். அன்றிலிருந்து என்னிடம் வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது சபையின் பதிலைத்தான். நொரிஸ் கனால் வீதி, கொழும்பு 10. பல்கலைக்கழகத்தின் முழுப் பெயர், நாடு, பட்டத்தின் பெயர், படிப்புக் காலம், பிள்ளையின் பெறுபேற்றுப் பிரதி எல்லாவற்றையும் வைத்து எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள். பட்டதாரி வழி என்றால் அது நான்கு ஆண்டுப் படிப்பு என்பதையும், முதற்பட்டம் எது என்பதையும் கடிதத்தில் தெளிவாகக் குறிப்பிடுங்கள். பதில் வந்த பிறகு காசு கட்டுங்கள்.

திரும்பி வராமல் அங்கேயே இருக்கலாம் என்று நினைப்பவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவுஸ்திரேலியாவில் உள்ளகப் பயிற்சி இடங்களைப் பகிரும்போது உள்நாட்டு மாணவருக்கு முன்னுரிமை. அங்கே படித்த வெளிநாட்டு மாணவர் வரிசையில் பின்னால்தான் நிற்பார்.

லண்டன் ஏ.எல். (பிரித்தானியப் பாடத்திட்ட உயர்தரம்) படிக்கும் பிள்ளைக்கு?

உள்ளூர் அரச பீடத்துக்கு வழக்கமான வழி உள்ளூர் உயர்தரம்தான் என்பதை முதலே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்துக்குப் பிள்ளை 13ஆம் வகுப்பில் இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவத்துக்கு யூகாஸ் (அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப அமைப்பு) விண்ணப்பம் அக்டோபர் 15இல் மூடப்படுகிறது. நான்கு மருத்துவ பீடங்களுக்கு மேல் தெரிவு செய்ய முடியாது. அந்தத் திகதி பல பெற்றோருக்கு நவம்பரில்தான் தெரியவருகிறது.

தமிழ் மொழியில் படித்த பிள்ளை. ஆங்கிலம் பெரிய தடையா?

உள்ளூரில் தடையாக இருக்காது. எல்லா மருத்துவ பீடத்திலும் ஆங்கிலத்தில்தான் படிப்பிக்கிறார்கள். தமிழிலும் சிங்களத்திலும் உயர்தரம் செய்த பிள்ளைகள்தான் அங்கே பெரும்பாலானோர். முதல் ஆறு மாதம் திணறுவார்கள், பிறகு பழகிவிடும்.

பட்டதாரி வழியில் தடை உண்மையிலேயே பெரியது, காரணத்தை மேலே சொல்லிவிட்டேன். ஆனால் அந்த வழியில் பிள்ளைக்குக் கையில் மூன்று, நான்கு வருடம் இருக்கிறது. ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் ஆங்கிலத்தில் ஏதாவது நல்ல கட்டுரை வாசித்து, கிழமைக்கு ஒன்று எழுதி யாரிடமாவது திருத்தக் கொடுத்தால் போதும். தமிழை விட்டுவிடவும் வேண்டாம். கவிதையில் சொல்லாமல் விட்ட பொருளைத் தமிழில் பிடிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அதை ஆங்கிலத்தில் பிடிப்பதும் பிறகு சுலபமாகிறது. இதை என் மாணவர்களிடம் கண்டிருக்கிறேன்.

எனக்கு மெடிசின் வேண்டுமா என்றே தெரியவில்லை. வீட்டில் எப்படிச் சொல்வது?

இந்தக் கேள்வி தொலைபேசியில் வராது. வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, புத்தகத்தைப் பையில் வைப்பது போல நின்றுகொண்டு கேட்பார்கள்.

பதினெட்டு வயதில் தெரியாமல் இருப்பதில் தவறே இல்லை. பட்டதாரி வழி சில நாடுகளில் உருவானதற்கு ஒரு காரணமே, இருபத்திரண்டு வயதில் இந்த முடிவை எடுப்பவர் இன்னும் தெளிவாக எடுப்பார் என்ற எண்ணம்தான். உயர்தரத்தை நன்றாக எழுதுங்கள், ஏனென்றால் எந்த வழிக்கும் அது வேண்டும். புள்ளி வந்தால் என்ன செய்வேன், வராவிட்டால் எந்தப் பட்டம் செய்வேன் என்று இரண்டையும் ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளோடு அம்மாவிடமோ அப்பாவிடமோ பேசுங்கள். "எனக்கு டொக்டராக விருப்பமில்லை" என்று தொடங்கினால் அவர்கள் பயந்துவிடுவார்கள். "இப்போது நிச்சயமாகத் தெரியவில்லை, பிறகும் போக ஒரு வழி இருக்கிறது" என்றால் கேட்பார்கள். தனியாகப் பேசப் பயமாக இருந்தால் வீட்டாரை அழைத்துக்கொண்டு வாருங்கள். ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குப் பிறகு எனக்கு வகுப்பில்லை.